டிஸ்க் பிரேக்குக்குத் திருநீறு

பிரேக் பிடிக்காத வண்டியில் மலையிறங்குகிறவனுக்கு முப்பத்து முக்கோடி தேவர்களும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வருவார்கள். என் வண்டியில் பிரேக் பிடிக்காமல் போனதற்குக் காரணமே, அந்தத் தேவர்களை நான் முந்தின நாளே பூஜை போட்டு அழைத்ததுதான். பழியை அவர்கள் மேல் போட மாட்டேன். அழைத்த விதம் அப்படி.

2010-ஆம் வருஷம். மதுரையிலிருந்து மெல்போர்னுக்கு வந்து, வெரிபீயில் வீடெடுத்து, ஐ.டி.யில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். தலையில் முடி இருந்தது (சத்தியமாக!). நண்பன் வீட்டு விருந்து ஒன்றில்தான் சுகந்தியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மெல்போர்னின் மறுகோடியில் டண்டினொங்கில் வீடு, பிசியோதெரபி வேலை. அங்கே இருந்த அத்தனை பேரும் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரீட் தீவைப் பற்றிப் பேசினாள். அது முழுக்க மலையாம். மலை முழுக்க ஒலிவ மரமாம். நடுவே தார் போடாத சரளைப் பாதையாம். அவளோடு வேலை செய்யும் கிரேக்கப் பெண் படம் காட்டினாளாம்.

“அடுத்த வருஷம் அங்க போய்க் கிறவல் ரோட்டில சைக்கிள் ஓடப் போறன்” என்றாள். சொல்லும்போது அவள் கண்கள் மின்னியதைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“நானும் வர்றேன்! சைக்கிள்னா எனக்கு உயிரு!”

(உயிராம். கல்லூரி முடித்த பிறகு நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை.)

சுகந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “முதல்ல இஞ்ச டண்டினொங் மலையில ஓடிக் காட்டுங்கோ. பிறகு கிரீட்டைப் பாப்பம்.”

மறுவாரமே முன்பக்கம் ஸ்பிரிங்கும் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கும் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டேன். தினமும் வேலை முடிந்து வந்து மிதித்தேன். வெரிபீ பூமி தோசைக்கல் மாதிரி தட்டை. அங்கே ஓட்டிப் பழகிவிட்டு மலை ஏறப் போகிறேன் என்பது, வாளித் தண்ணீரில் கையை அலசிவிட்டுக் கடல் நீந்தப் போவது போலத்தான். ஆனால் எனக்குள் ஒரு குதிரையே ஓடிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் நாங்கள் தினமும் போனில் பேச ஆரம்பித்திருந்தோம். கல்யாணம் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. மலைக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம்.

சனிக்கிழமை அவளிடமிருந்து போன். “நாளைக்கு அப்பாவும் வாறார். தன்ர வானில சைக்கிளை ஏத்திக்கொண்டு வருவார். உண்மையா அவர் வாறது உங்களைப் பாக்கத்தான். வடிவா நடந்துகொள்ளுங்கோ, என்ன?”

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து அம்மாவின் போன்.

“டேய், இன்னிக்கு ஆயுத பூஜைடா. புது வண்டிக்குப் பூஜை போட்டியா? பூஜை போடாம மலைக்கு எடுத்துட்டுப் போகாத, சொல்லிப்புட்டேன்.”

அம்மா சொல்லைத் தட்டுவேனா? மதுரையில் அப்பாவின் சைக்கிளை எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். இன்னொரு துணியில் நல்லெண்ணெயைத் தொட்டு, இரும்பாகக் கண்ணில் பட்டதையெல்லாம் பளபளவென்று தேய்த்தேன். அந்த வண்டியிலேயே அழகான இரும்பு இரண்டு சக்கரத்து டிஸ்க்குகளும்தான். வட்டமாக, வெள்ளித்தட்டு மாதிரி. அவற்றுக்கு மட்டும் தாராளமாக இரண்டு கை எண்ணெய். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கைப்பிடிக்குச் சாமந்திப்பூ. கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்தபோது வண்டி ஜெகஜ்ஜோதியாக நின்றது.

காலையில்தான் எனக்கு நவநாகரிகம் தலைக்கேறியது. இப்படியே கொண்டுபோனால் சுகந்தி சிரிப்பாளே! பூவைக் கழற்றினேன். கைப்பிடியில் இருந்த பொட்டை அழித்தேன். டிஸ்க்கை மட்டும் தொடவில்லை. அது யார் கண்ணிலும் படாத இடம், தெய்வ கடாட்சம் அங்கேயாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் அறிவை என்னவென்று மெச்சுவது!

சைக்கிளை உருட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறி, டண்டினொங்கில் இறங்கினேன். சுகந்தியின் அப்பா மகளோடும் வேனோடும் நின்றார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

“வணக்கம் அங்கிள்.”

“ம்” என்றார். அவ்வளவுதான். மலையடிவாரம் வரை அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டே நான் வியர்த்தேன்.

அடிவாரத்தில் வாகனம் நிறுத்தும் இடம். அங்கே அங்கிள் மடக்குக் கதிரையை (நம்ம ஊர் நாற்காலிதான்) விரித்து, மடக்கு மேசையில் சுகந்தியின் அம்மா கட்டிக் கொடுத்த இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாவற்றையும் அடுக்கினார். “நீங்கள் ஓடிப்போட்டு வாங்கோ. நான் இஞ்ச இருக்கிறன்” என்றார்.

ஏறத் தொடங்கினோம். ஆஹா, அந்த ஏற்றம்! இருபுறமும் வானத்தைத் தொடும் யூகலிப்டஸ் மரங்கள், ஆளுயரப் பெரணிச் செடிகள், சக்கரத்தின் கீழ் சரளைக்கல் பொரி வறுப்பது போல் பொரிந்தது. நுரையீரல் வாய் வழியாக எட்டிப் பார்த்தாலும் நான் காலை ஊன்றவே இல்லை. முன்னால் போகும் சுகந்தியின் தொப்பியையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? என் வண்டி அன்று தங்கமாக நடந்துகொண்டது.

உச்சியில் அவள் முகமெல்லாம் சிரிப்பு. “பரவாயில்லை! நான் நினைச்சதை விட நல்லா ஓடுறீங்கள்!”

எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போட வேண்டும் போலிருந்தது (மூச்சு இல்லாததால் போடவில்லை).

“அப்பாக்கு ஒரு யோசனைதான்” என்றாள். “இந்தியப் பெடியங்கள் இஞ்ச கொஞ்சக் காலம் உழைச்சுப்போட்டு அமெரிக்கா, கனடா எண்டு வெளிக்கிட்டிடுவாங்களாம். நீங்களும் என்னை அம்மா அப்பாட்ட இருந்து பிரிச்சுக் கொண்டு போயிடுவீங்களோ எண்டு பயம். இண்டைக்குச் சாப்பிடேக்க நல்லாக் கதையுங்கோ. அவர் ஓம் எண்டிட்டா எல்லாம் சரி.”

இதைக் கேட்ட பிறகு கால் தரையில் நிற்குமா? “வாங்க, எறங்கலாம்!” என்று முதல் ஆளாகப் பாய்ந்தேன்.

முதல் வளைவில் பிரேக்கை அமுக்கினேன். வண்டி நிற்கவில்லை. அதற்குப் பதிலாக ஊளையிட்டது. ஊஊஊ என்று அது போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. இன்னும் இறுக்கினேன். இன்னும் பெரிதாக ஊளையிட்டது, வேகம் குறையவில்லை. பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்க வேண்டிய அதே டிஸ்க்குகளில் முந்தின நாள் தேய்த்த நல்லெண்ணெய் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

“சுகந்தீ! பிரேக் இல்ல!”

“விளையாடாதேங்கோ!” என்று வெகு தூரத்தில் அவள் குரல்.

முன்னால் இறுக்கமான உடை போட்ட வெள்ளைக்காரர்கள் சிலர் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊளையோடு ஊளையாக நானும் கத்திக்கொண்டு அவர்களைக் கடந்தேன். அவர்கள் கையைத் தூக்கி, “கோ மேட், கோ!” என்று உற்சாகப்படுத்தினார்கள். பயத்தில் கந்த சஷ்டி கவசம் பாதியும் எட்டாம் வாய்ப்பாடு பாதியுமாக வாயில் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காற்றும் வேகமும் காலுக்கடியில் பறக்கும் சரளையும், அப்பப்பா, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. சாகப் போகிறோம் என்று தெரிந்தும் ஒருவன் ‘ஹேய்!’ என்று கத்துவானா? நான் கத்தினேன்.

கடைசி வளைவு திரும்பியதும் எதிரே மேசை, மேசைக்குப் பின்னால் கதிரை, கதிரையில் அங்கிள். மருமகனாக வரப்போகிறவன் இவ்வளவு ஆவலாக ஓடி வருகிறானே என்று நினைத்தாரோ என்னவோ, முதன்முறையாகச் சிரித்தார்.

“அங்கிள், தள்ளுங்க! தள்ளுங்க அங்கிள்!”

அவர் எழும்பவில்லை. கைப்பிடி ஒரு பக்கம் திரும்பியது. மேசையின் ஓரத்தைத் தட்டி, சொதியை வானத்துக்கு அனுப்பி, பக்கத்திலிருந்த பிளாக்பெர்ரி முள்புதருக்குள் நான் குட்டிக்கரணம் போட்டு மல்லாக்க விழுந்தேன்.

சுகந்தி வந்து என்னை இழுத்தெடுத்து, கை காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். எலும்பெல்லாம் சரி. பின்பக்கம் முழுக்க முள். அங்கிள் என் சைக்கிளை நிமிர்த்தி, டிஸ்க்கை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

“தம்பி, இது நல்லெண்ணெய் எல்லோ? உதில திருநீறு பூசினது ஆர்?”

“நான்தான் அங்கிள். ஆயுத பூஜை...”

அவர் வேனிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தார். என்னைப் புல்லில் குப்புறப் படுக்க வைத்து, தானே முள்ளெடுக்க உட்கார்ந்தார். உலகத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் நேராத நேர்முகத் தேர்வு அப்போது ஆரம்பமானது.

“அமெரிக்கா போற யோசனை இருக்கோ?” ஒரு முள்.

“ஆ! இல்ல அங்கிள்!”

“கனடா?” இன்னொரு முள்.

“ஐயோ! சத்தியமா இல்ல!”

“பிள்ளையை எங்களிட்ட இருந்து தூரமாக் கொண்டு போவீரோ?” இது ஆழமாக ஏறிய முள்.

“அம்மா! மாட்டேன் அங்கிள், பக்கத்துத் தெருவுலயே வீடு பாக்கறேன்!”

அங்கிளின் கை நின்றது. பிறகு மெல்லக் குலுங்கி, விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: “என்னில இடிக்காமல் முள்ளுக்குள்ள திருப்பின பெடியன். இவனை நம்பலாம், பிள்ளை. ஆனா பிரேக்கை மட்டும் நீ பாத்துக்கொள்.”

(திருப்பியது நானா, வழியில் கிடந்த கல்லா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கிள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.)

அடுத்த வருஷம் கல்யாணம். கையோடு கிரீட் தீவுக்கும் போனோம். ஒலிவ மரங்களுக்கு நடுவே சரளைப் பாதையில், கீழே நீலக் கடலைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் சுகந்தி என் டிஸ்க்கை மோந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

வாக்குக் கொடுத்தபடி பக்கத்துத் தெருவில்தான் இன்றும் குடியிருக்கிறோம். குடும்பமாகப் பூங்காவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால், என் மாமனார் கதிரையை விரிக்காமல் கையில் பிடித்தபடி நாலு திசையும் பார்ப்பார். இடியப்பப் பெட்டியோடு நான் அவருக்கு ஒட்டியே நின்றுகொண்டிருப்பேன். அது அவர் கண்ணில் படாது. “பொறுங்கோ, பொறுங்கோ” என்பார் எல்லோரையும் பார்த்து. “மருமோன் எந்தப் பக்கத்தால வாறார்?”