அப்பாவின் செல்போனில் நான் மறைத்த பெட்டி

வீட்டில் ஒருத்தர் கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும், அந்த வீட்டிலிருக்கும் அத்தனை செல்போன்களுக்கும் அவர்தான் வைத்தியர். எங்கே வலி என்று நோயாளி சொல்லி முடிப்பதற்குள் கத்தியை எடுத்துவிடுவார். நான் அந்த ரகம். அப்படி நான் பார்த்த ஒரு வைத்தியத்தில், அப்பாவுக்கும் அவருடைய உயிர்ச் சிநேகிதருக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரே வழியும் அடைபடப் பார்த்தது.

அப்போது எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. சனிக்கிழமை மாலை நாமக்கல் வீட்டுக்கு வரும்போது கடல் தாண்டி வந்தவள் மாதிரி வந்து இறங்குவேன். (பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போடும் தூரம்தான். அதற்கே அந்த அலட்டல்.)

அப்பாவுக்கு சேலம் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. காலையில் டீயும் கையுமாக வாசலில் உட்கார்ந்து, உள்ளூர்க்காரர் ஒருவர் நடத்தும் எங்கள் ஊர்ச் செய்திப் பக்கத்தைச் செல்போனில் பார்ப்பது அவர் வழக்கம். டீசல் விலை, முட்டை விலை, மழை, கோயில் நோம்பித் திருவிழா எல்லாம் அதில் வரும். அவற்றைச் சுற்றி விளம்பரங்களும் வரும். ஒன்று ரம்மி ஆடக் கூப்பிடும். இன்னொன்று லோன் தருகிறேன் என்று துரத்தும். மூடலாம் என்று மூலையிலிருக்கும் பெருக்கல் குறியைத் தொட்டால், அதுவே நம்மைக் கடைக்குள் கூட்டிப் போய் நிறுத்தும். அப்பாவுடையது இரும்பு பிடித்துத் தடித்த விரல். அந்தக் கடுகளவு குறி அதற்கு எந்த மூலைக்கு?

ஒருநாள் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தேதி பார்ப்பதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். உள்ளிருந்து ஒரு பெண்குரல், "உங்கள் தொப்பையைப் பற்றி வெட்கப்படுகிறீர்களா?" என்று மைக் வைத்த மாதிரி கேட்டிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த கமிட்டித் தலைவருக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் தாராள மனசு. அன்றைக்குக் கூட்டம் அதோடு முடிந்ததாம்.

சனிக்கிழமை நான் வந்ததும் அப்பா போனை நீட்டினார். (எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.) "சாமி, இந்தப் பொம்பளை வாய மட்டும் மூட ஏதாச்சும் வழி இருக்குதா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்கு நான் ஊரையே மூடினேன்.

செல்போனுக்கு விளம்பரத் தடுப்பான், அதாவது ஆட் பிளாக்கர், தேர்ந்தெடுப்பது பற்றி இன்று என்னால் ஒரு வகுப்பே எடுக்க முடியும். அன்று நான் முதலில் போட்ட தடுப்பான், ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் தொட்டுப் போட்டது. (ஆமாம். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.) வந்து உட்கார்ந்ததும் அது அப்பாவின் போட்டோக்களைக் கேட்டது, போன் நம்பர்களையெல்லாம் கேட்டது, கொடுத்த மறுநிமிடம் திரை நிறைய ரம்மி விளம்பரம் காட்டியது. அதைத் துரத்தவே அரை மணி நேரம் ஆனது. அடுத்து, போனின் செட்டிங்கிலேயே ஒரு முகவரியை எழுதி வைத்து, மொத்தப் போனுக்கும் விளம்பரம் வராமல் பார்த்தேன். விளம்பரம் நின்றது, கூடவே கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் ஆப்பும் நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் அதையும் எடுத்தேன்.

மூன்றாவதாகப் பிடித்தது, உள்ளேயே தடுப்பான் வைத்திருந்த ஒரு பிரவுசர். நல்ல பிரவுசர், இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அது வரும்போதே மிதமான அளவில்தான் தடுக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படித்த படிப்பு சும்மா இருக்க விடுமா? கடுமையான தடுப்பு, மிகக் கடுமையான தடுப்பு, எரிச்சல் தருபவை, தொந்தரவு செய்பவை என்று அதிலிருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்தேன். அப்படியும் செய்திப் பக்கத்தின் நடுவே ஒரே ஒரு பெட்டி அசையாமல் நின்றது. வெளிக் கம்பெனிகள் அனுப்பும் விளம்பரம்தான் தடுப்பானுக்குத் தெரியும். இது அந்த உள்ளூர்க்காரரே கையால் படமாக வைத்த பெட்டி. விடுவேனா? வேண்டாததைத் தொட்டுக் காட்டினால் நிரந்தரமாக மறைக்கும் வசதி அந்தப் பிரவுசரில் இருந்தது. தொட்டேன், மறைந்தது. உள்ளே என்ன இருந்தது என்றுகூட நான் படிக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "வெளீர்னு இருக்குது சாமி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஊர்ல ஒரு விசேசமும் இல்லியாட்ட இருக்குதே?" என்றார்.

"ஆடி மாசம்ங்கப்பா. ஆடியில யாரு விசேசம் வெப்பாங்க?"

அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார்.

இந்த இடத்தில் சென்னியப்பன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் அப்பாவும் வாலிப வயதில் ஒரே கொட்டகையில் லாரிப் பாடி கட்டத் தொடங்கியவர்கள். தொழில் பெருகித் தனித்தனிப் பட்டறை வைத்த பிறகும், சாயங்காலமானால் ஒருவர் முகத்தில் இன்னொருவர் விழிக்காமல் இருந்ததில்லை. அக்கா கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கத்தில் முக்கியமானவர்களைப் புருஷன் பெண்டாட்டி இருவருமாகத் தட்டோடு வீட்டுக்குப் போய்த்தான் அழைக்க வேண்டும். மாமாவைக் கடைசியாக நிதானமாகப் போய் அழைத்து, அங்கேயே சாப்பிட்டும் வரலாம் என்று அப்பா நினைத்திருந்தார். அதற்குள் என் சித்தப்பா, அந்தப் பக்கமாகப் போனவர், ஒரு வேலை மிச்சம் என்று பத்திரிகையை மாமாவின் பட்டறையில் வெல்டரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"நாப்பது வருசப் பழக்கத்துக்கு வெல்டர் கையில பத்திரிகையா?" என்றாராம் மாமா. அப்பா தட்டோடு போனபோது மாமா வீட்டு கேட் சாத்தியிருந்தது. மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எதிரெதிரே பார்த்தால் இருவருக்கும் திடீரென்று ரோட்டில் போகும் லாரி நம்பர் மேல் அக்கறை வந்துவிடும்.

இப்போது அந்த மாமாவின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அப்பா அந்த ஆடி முழுக்கச் சாயங்காலமானால் சட்டை மாற்றிக்கொண்டு, கேட்டைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னாள். ஒரு புது வேட்டியும் வாங்கி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா கெடக்கட்டும்" என்றிருக்கிறார். கேட்டில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்ப்பாராம். தபால்காரர் வருவார், கேபிள்காரர் வருவார், மாமா வரவில்லை. எனக்கு மாமா மேல் அப்படி ஒரு கோபம். ஒரு தடவை வந்து கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று அம்மாவிடம் பெரிதாகப் பேசினேன்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரே மண்டபத்துக்குப் போகும் நேரத்தில் அப்பா லுங்கியும், பெயிண்ட் கறை படிந்த நீலச் சட்டையுமாகக் கிளம்பி நின்றார். "பட்டறைல வேலை கெடக்குது. கொண்டு போயி உடு சாமி." ஆள் ஒருத்தரும் வராத நாளில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. தலைகூட வாராமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

பட்டறைக்குப் போகும் வழியில்தான் மண்டபம். லாரிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் கார், பின்னால் வேன், சரியாக மண்டப வாசலில் மாட்டிக்கொண்டு நின்றோம். நான் குனிந்த தலை நிமிரவில்லை. பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

"சாமி, அது நானாட்ட இருக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் புதிதாகப் பாடி கட்டிய லாரியின் முன்னால் இரண்டு வாலிபர்கள் தோளில் கை போட்டு நின்றார்கள். ஒருவர் மாமா. கன்னம் ஒட்டி, மீசையை முறுக்கி நின்ற இன்னொருவர் அப்பா. கீழே, தங்கள் வரவை எதிர்நோக்கும் என்று போட்டு, மாமா பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் முத்துசாமி என்று அப்பாவின் பெயர்.

வரவேற்க வேண்டிய ஆள் லுங்கியோடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மாமா வாசலில்தான் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் சந்தனக் கையோடு காருக்கும் வேனுக்கும் நடுவே புகுந்து வந்தார். அப்பாவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"வந்தும் வந்த, லுங்கியோட வரோணும்னு வேண்டுதலா?"

"நான் பட்டறைக்குப் போறன்," என்றார் அப்பா. "கூப்புடாத ஊட்டு விசேசத்துக்கு நான் எதுக்கு வாரன்?"

"கூப்புடலையா? ஒரு மாசமாக் கூப்புட்டுட்டு இருக்கறன்டா. நித்தமும் காலைல, நீ டீ குடிக்கறப்ப."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கு லேசாகப் புரியத் தொடங்கியது.

"நீ பாக்கறயே அந்தப் பக்கம், அதுல போட்டன்," என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு நான் கேட்டைச் சாத்துன மாதிரி நீயும் சாத்திட்டீன்னா என்னால தாங்க முடியாதுடா மாப்ள. அதுக்கோசரந்தான் அதுல போட்டன். ஊர்ல அத்தனை பேரும் நீ பாத்துட்டு வீம்பு பண்றீன்னு நெனச்சுட்டு இருக்கறாங்க. பாத்துட்டும் வரமாட்டீங்கறயேன்னு ஒரு மாசமா மனசுக்குள்ள வெந்துட்டுக் கெடக்கறன்."

அப்பா போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினார். டீசல் விலை, முட்டை விலை, நடுவில் வெள்ளையாக ஒரு வெற்றிடம். மாமா தன் போனை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அதே பக்கம், அதே முட்டை விலை. ஆனால் நடுவில் அந்த லாரி, அந்த இரண்டு வாலிபர்கள். கீழே, நேரில் வந்து அழைக்கத் தைரியம் இல்லாததால் இதையே நேரில் அழைத்ததாக ஏற்றுக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று இருந்தது. எல்லாரும் இயலாததால் என்று போடும் இடத்தில் அவர் தைரியம் இல்லாததால் என்று போட்டிருந்தார். அந்த ஒரு வார்த்தை ஒரு மாதமாக அப்பா ஒருவருக்காக மட்டும் காத்துக் கிடந்திருக்கிறது.

இரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"மாமா, அது வந்துங்க... அதுல விளம்பரம் எதும் வராத மாதிரி நாந்தான் தடுத்து வெச்சிருக்கறனுங்க."

மாமா தன் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். "நான் போட்டது விளம்பரமா சாமி?"

என் படிப்பில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு ஆள் தட்டோடு நின்றுகொண்டிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. தடுப்பானைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அது விட்டுவைத்த ஒரே பெட்டியைத் தொட்டு மறைத்தது என் விரல். அழுதுவிடுவேன் போல் இருந்தது. பின்னாலிருந்த வேன்காரர் வேறு விடாமல் ஹாரன் அடித்தார்.

முதலில் சிரித்தது அப்பாதான். லுங்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அப்பாவின் கையை அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு மாசமா இவனை நான் திட்டாத திட்டு இல்ல. அத்தனையும் உன்ற கணக்குல சேர்த்துக்க சாமி," என்றார்.

"சேர்த்துக்கறனுங்க மாமா," என்றேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்திருந்த வேட்டியில் ஒன்று அவசரமாகப் பிரிக்கப்பட்டது. நீலச் சட்டையை மாற்ற நேரமில்லை. இன்றைக்கும் அந்தக் கல்யாண வீடியோவில் பட்டுச் சட்டைகளுக்கு நடுவே ஒரு பெயிண்ட் கறை கையெடுத்துக் கும்பிட்டு எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருக்கும். பக்கத்தில் தலை வாராமல் சந்தனக் கிண்ணத்தோடு ஒருத்தி நிற்பாள், அவள் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. அம்மா அந்தப் புது வேட்டியையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அவள் என்னிடம் பேசவே ரெண்டு நாளானது.

பந்தியில் உட்கார்ந்தே அந்தப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அப்பா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தப் பொம்பளை மட்டும் வராம இருந்தாப் போதும் சாமி," என்றார். முதலில் கேட்டதும் அதைத்தானே. தடுப்பானை மிதமான அளவில் நிறுத்தினேன், இன்று வரை அங்கேயே நிற்கிறது. காலையில் அப்பா டீயோடு காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படிக்கிறார். செய்திகளை அவர் என்றைக்குமே அவ்வளவு கவனித்ததில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாமா இப்போது எந்த விசேஷமானாலும் அத்தையோடு நேரில் வந்துவிடுகிறார். அப்பா கையில் ஒரு பத்திரிகை, என் கையில் தனியாக ஒன்று. "இத உன்ற மிசினுல போட்டு அலசிப் பாத்துட்டு, உள்ள உடலாம்னா உடு சாமி," என்பார். அம்மா கூப்பிட்டு யாருக்காவது காது கேட்கவில்லை என்றால், "என்ன, பிளாக்கர் போட்டிருக்கறயா?" என்பது வீட்டு வழக்கமாகிவிட்டது.

என் கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ் ஏற்பாடு மாமாவுடையது. மண்டப வாசலில் வந்து இறங்கியதும்தான் பார்த்தேன். எங்கள் படத்துக்கும் பெயருக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி: 'குறிப்பு: இந்தப் பலகையை மணமகளால் மறைக்க முடியாது.' மாப்பிள்ளை வீட்டார் அர்த்தம் கேட்டார்கள். அப்பாவும் மாமாவும் மேடையிலேயே, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்து, முழுக் கதையையும் சொல்லி முடித்தார்கள். என் மாமனார் நல்ல மனிதர், எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் இன்று வரைக்கும் தன் செல்போனை சார்ஜ் போடக்கூட என் கையில் கொடுப்பதில்லை.