காளான் பாயும் கறுப்புத் தூளும்

உலகத்தில் காளானுக்காகக் கண் கலங்கிய ஒரே வெல்டர் எங்கள் எண்ணூர் காளான் பாயாகத்தான் இருப்பார். மணலியில் டேங்கர் லாரிகளுக்கு வெல்டிங் வைப்பது தொழில். மீதி நேரமெல்லாம் பவளக் காளான். குடை மாதிரி இல்லாமல், கடல் பவளம் போலக் கிளை கிளையாக முளைக்குமே, அது. எங்கள் வீட்டுப் பின்புறம் விழுந்து மக்கிய பூவரசு மரத்தில் ஒரு மழைக்குப் பின் முளைத்தது. அன்றோடு என் நிம்மதி போயிற்று.

"பாக்க ஒரே மாரி கீதுன்னு ஒரே குடும்பம்னு நெனைக்காத மாமு. முன்ன அப்பிடித்தான் எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டாங்க. அப்பால உள்ள நோண்டிப் பாத்தா, பாதிக்குப் பாதி சொந்தமே இல்ல. அதோட வித்துத்தூள் இன்னா கலருன்னு பாக்கணும். வெள்ளையா, மஞ்சளான்னு."

இதை என் மாமியாரிடமும் சொன்னார். கல்யாணப் பந்தியில், காளான் பிரியாணியைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

ஒரு கிளையை ஒடித்து வெள்ளைத் தாளில் வைத்து, டம்ளரால் மூடினார். காலையில் தெருவே அதிரக் கத்தினார். "மாமு! கறுப்பு! எந்த பொஸ்தகத்துலயும் இல்லாத கறுப்பு! நம்ம ஏரியால புச்சா ஒண்ணு பொறந்துகீது!"

எண்ணூர் என்றாலே வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்பது அவருக்குத் தீராத வருத்தம். இனி காளானுக்காக ஊர்ப் பெயரைச் சொல்வார்கள் என்று தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.

தெரிந்த தாவரவியல் டீச்சரை அழைத்து வந்தேன். அவர் தாளைப் பார்த்தார். பிறகு எங்கள் ஜன்னல் கம்பியை விரலால் தடவி, அந்த விரலைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கறுப்பு.

"இது வித்து இல்லீங்க பாய். அனல்மின் நிலையத்துக் கரித்தூள். காளான் மேல படிஞ்சது கொட்டியிருக்கு."

பாய் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ நம்ம ஊர்ல கரிய தவிர ஒண்ணும் மொளைக்காதா மாமு?" கேட்டுவிட்டு வெகுநேரம் இருமினார்.

அந்த இருமலுக்காகவே மகள் அவரைத் திருத்தணிப் பக்கம் அழைத்துப் போய்விட்டாள். நல்ல காற்றாம். காளான்தான் கண்ணில் படவில்லை என்று போனில் அழாத குறை.

இந்த மழைக்கு அதே மரத்தில் அது மறுபடி தலைகாட்டியது. முளை விடும்போதே வாளியைக் கவிழ்த்து மூடினேன். வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். வளர்ந்ததும் ஒரு கிளையை மட்டும் ஒடித்துக் கறுப்புத் தாளில் வைத்துப் பார்த்துவிட்டு, போன் போட்டேன்.

"பாய், வெள்ளையா கொட்டிகீது!"

"மூடி வை மாமு. நான் வந்து பாக்குறேன்."

மகள் விடமாட்டாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வாளியை நான் இன்னும் எடுக்கவில்லை.