மாமரத்து முண்டு

"அந்த முண்டு மட்டும் இல்லேன்னா, படத்தைக் கண்ல ஒத்திக்கலாம்" என்று சலித்துக்கொண்டார் தனபாலன்.

கோடம்பாக்கம் ஸ்டுடியோ ஒன்றில் இருபத்தைந்து வருடம் கல்யாண ஆல்பங்களுக்கு டச்சப் செய்தவர் அவர். மணப்பெண்ணின் பரு, மாமனாரின் வழுக்கை, எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. எல்லாம் அடுத்தவர் எடுத்த படங்கள். தான் எடுத்த படம் ஒன்றாவது சுவரில் தொங்க வேண்டும் என்று ஆசை. அடையாறு பறவைச் சங்கக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப இன்னும் மூன்றே நாள்.

மார்கழிக் குளிருக்கு அவர் வீட்டுக் கொல்லையில் ஓர் ஆறுமணிக் குருவி வந்து தங்கியிருந்தது. இமயமலை அடிவாரத்திலிருந்து இத்தனூண்டு உடம்போடு பறந்து வந்த ஜீவன். பச்சை முதுகு, நீல இறக்கை, சிவந்த வயிறு. முதல் நாள் தனபாலனுக்குக் கேமராவைத் தூக்கவே தோன்றவில்லை. இதற்கு யார் டச்சப் செய்தது என்று வாயைப் பிளந்து நின்றுவிட்டார்.

ஆனால் அது உட்காரும் கிளைக்குப் பின்னால், மாமரத்தில் பழுப்பாக ஒரு முண்டு புடைத்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல அதைத் துடைத்துவிட்டுப் படத்தை அனுப்பினார்.

சங்கச் செயலாளர் ஷஃபியுல்லா போன் செய்தார். "அண்ணே, குருவி பிரமாதம். மரம்தான் மொசைக் தரை மாதிரி கீது. ஒட்டு வேலை வேணாம், இருக்கறத அப்படியே அனுப்புங்க."

மறுநாள் மரத்துக்கு முன்னால் ஸ்டுடியோவின் நீலத் திரையைக் கட்டினார். குருவி வரவில்லை. இரண்டு காக்கைகள் வந்து திரையை அசிங்கப்படுத்திவிட்டுப் போயின.

திரையை அவிழ்த்தார். குருவி திரும்பியது. முண்டும் அங்கேயேதான் இருந்தது. நேற்று நேராக இருந்தது இன்று சற்றுச் சாய்ந்த மாதிரி பட்டது. கேமரா ஸ்டாண்டைத் திட்டினார்.

கடைசி நாள் காலையில் உளியும் சுத்தியலுமாகக் கிளம்பினார்.

"ஏங்க, காய்க்கிற மரங்க!" என்று பதறினாள் மனைவி ஜெயபாரதி.

"ஒரே தட்டு பாரதி. மரத்துக்கும் டச்சப்புன்னு வெச்சுக்க."

கண்ணில் தூசி விழுமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உளியை நீட்டினார்.

மீன் கூடையோடு கொல்லைக் கதவில் நின்ற பச்சையம்மா கத்தினாள்:

"ஐயே, உளியக் கீழ போடு நைனா! முண்டா அது? ஆந்த! கண்ணத் தொறந்து உன்னியே பாத்துக்கினு கீது பாரு!"