மவுஸைப் பூட்டிய மாண்புமிகு குழு

நிர்வாகம் என்னும் மகத்தான கலை எங்கே பிறந்தது என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளலாம். அது எங்கே பூரணமடைந்தது என்பதில் சந்தேகமே கிடையாது. குமாசி நகருக்குக் கிழக்கே, எங்கள் ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவகத்தில்தான். அங்கே துணை அலுவலராக இருக்கும் பாக்கியம் பெற்றவன் நான்.

எங்கள் இயக்குநர் நானா பெடியாக்கோ, தம் பூர்விக ஊருக்குத் தலைவரும்கூட. தலைவரிடம் யாரும் நேரடியாகப் பேசக் கூடாது. மொழிவாணர் மூலம்தான் பேச வேண்டும். சொன்னதை மெருகேற்றிச் சொல்வது மொழிவாணர் கடமை. அரண்மனையில் இருந்த இந்த ஏற்பாட்டை நானா அலுவலகத்துக்கும் 'விரிவுபடுத்தி'யிருந்தார். அவருடைய கார் ஓட்டுநர் ஒப்போங் மொழிவாணர் ஆனார்.

பதிவகம் 'முழுக் கணினிமயம்' ஆன அன்றே பேனாக்கள் பறிமுதலாகிவிட்டன. ஒரே கணினி, ஒரே கம்பியில்லா மவுஸ். வியாழக்கிழமை அந்த மவுஸ் வேலை செய்ய மறுத்தது. எழுத்தர் அம்போன்சா மூடியைத் திறந்தார். பேட்டரி இருந்த இடம் காலி. முதல்நாள் நானாவின் ஏசி ரிமோட் மண்டையைப் போட்டதும், இன்று நானாவின் அறை ஜில்லென்று இருப்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, கோளாறு மவுஸின் உள்ளே ஆழத்தில் இருப்பதாக ஏகமனதாக முடிவு செய்தோம். புதுப் பேட்டரி வாங்கலாம்தான். பழையது எங்கே என்று கோப்பில் எழுத வேண்டி வருமே!

'மவுஸ் சீரமைப்புக் குழு' ஜெபத்துடன் தொடங்கியது. அடியில் ஒட்டியிருந்த தாளை உரித்து, ஒளிந்திருந்த திருகுகளை அம்போன்சா கழற்றினார். சக்கரம், சுருள்வில், பச்சைத் தகடு எல்லாம் மேசையில் பரவின. பிரித்த கையோடு பூட்ட வரவில்லை. முதல்முறை பூட்டியபோது சக்கரம் வெளியே நின்றுவிட்டது. மறுமுறை ஒரு திருகு மிஞ்சியது. அதைச் 'சேமிப்பு' என்று பதிவுசெய்து கைதட்டினோம்.

வெள்ளிக்கிழமையும் பூட்டிக்கொண்டிருந்தோம். வெளியே பெஞ்சில், முதல்நாளிலிருந்து காத்திருக்கும் மாமே செர்வா. மறுநாள் அவர் கணவருக்கு அடக்கம். ஊர்ச் சுவரெல்லாம் கணவர் படம் ஒட்டியாயிற்று. கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி தைத்தாயிற்று. உறவுக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். எங்கள் அடக்க அனுமதிச் சீட்டு இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் குழி கிடைக்காது.

"என்னப்பா, நேத்துலேருந்து அதை உரிச்சிட்டே இருக்கீங்க? கோழியா அது?"

"தொழில்நுட்ப ஆய்வு நடக்குது, மாமே," என்றார் அம்போன்சா.

மாமே எழுந்து வந்து மவுஸைப் புரட்டிப் பார்த்தார். "அட பாவிகளா! இதுல பேட்டரியே இல்லையே!"

குழு முழுவதும் கூரையைப் பார்த்தது. அம்போன்சாவின் கண் மட்டும், அவரையும் மீறி, நானாவின் கதவுவரை போய்வந்தது. மாமேவுக்கு அது போதும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஜில்லென்ற காற்றையும் நானாவின் கையிலிருந்த ஏசி ரிமோட்டையும் கவனித்தார். நாங்களும் பின்னாலேயே போய் நின்றோம்.

"ஒப்போங், நானா காதுல போய்ச் சேரட்டும். அந்த ரிமோட்டுல இருக்கிறது மவுஸோட பேட்டரி. கழட்டிக் குடுக்கச் சொல்லு."

ஒப்போங் தொண்டையைச் செருமினார். "நானா, இந்த அறையோட குளிர்ச்சியை ஊரே மெச்சுதாம். அதை அனுபவிக்கத்தான் மாமே வந்திருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லு," என்றார் நானா, மேல்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

மாமே ஒப்போங்கை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் குளிருது. பிணவறையிலகூட இவ்வளவு இல்ல. அங்க கரண்ட் போயிடுது. சாயங்காலம் அவரை எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. சீட்டு இல்லாம மண்ணுக்குள்ளயும் விடமாட்டாங்க. அதனால இங்கேயே கொண்டாந்துடுறேன். இந்த சோபாவுல படுக்கட்டும். நீளம் சரியா இருக்கும். இதையும் சொல்லு, ஒப்போங்."

ஒப்போங் நானா பக்கம் திரும்பினார்.

"நானா... இதுக்கு மெருகு போட வரல. அவங்க சொன்னதுதான்."

நானா சோபாவைப் பார்த்தார். ரிமோட்டின் முதுகைத் தம் திருக்கரத்தாலேயே திறந்தார்.

மவுஸ் உயிர்பெற்றது. சக்கரம் மட்டும் மேலே உருட்டினால் கீழே போயிற்று. சீட்டு அச்சாகி வந்ததும், மாமே அதை வாங்கிக்கொண்டு ஓடினார். குழு மீண்டும் கூடி, பேட்டரிகளை 'நன்கொடை'யாக வழங்கிய நானாவுக்கு நன்றி நவின்றது. குழுவின் துணிச்சலையும் பாராட்டியது. பாராட்டத்தானே வேண்டும்? சம்பளம் வாங்கும் இத்தனை பேர் உயிரோடு நிற்க, ஒரு ஜோடி பேட்டரியைத் திருப்பிக் கேட்க ஒரு பிணத்தின் சிபாரிசுதான் தேவைப்பட்டது.