கலியாணத்துக்குப் போன நூதனசாலை

உலகத்திலுள்ள நூதனசாலைகளில் எல்லாம் மனிதர்கள் போய்ப் பழைய சாமான்களைப் பார்ப்பார்கள். எங்கள் ஊர் நூதனசாலையில் மட்டும் பழைய சாமான்கள் போய் மனிதர்களைப் பார்த்துவிட்டு வரும். இதற்கு முழுப் பொறுப்பாளி, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்ட கண்ணாடிக் காக்கா. அவரைப் போல ஒரு காவலாளி வேறெந்தத் தேசத்து நூதனசாலைக்கும் வாய்த்திருக்க மாட்டார். வாய்த்திருந்தால் அந்தத் தேசத்தில் இப்போது நூதனசாலை இருந்திருக்காது.

கண்ணாடிக் காக்கா மூக்குக்கண்ணாடி போட்டவர் அல்லர். நரை விழுந்த பிறகும் ஊசியில் நூல் கோக்கிற கண் அவருக்கு. பெயர் அலுமாரிக் கண்ணாடியால் வந்தது. தோளில் கிடக்கும் துவாயால் நாள் முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். நீங்கள் ஒரு சாமானைப் பார்க்க நின்றால் உங்களுக்கும் சாமானுக்கும் நடுவில் அவருடைய கை ஓடிக்கொண்டிருக்கும்.

"கொஞ்சம் கையை எடுங்க காக்கா, பார்ப்பம்" என்றால், "ஊத்தைக் கண்ணாடியால பார்த்துப்போட்டு ஊரெல்லாம் என்னத்தானே ஏசுவீங்க" என்பார். துடைத்து முடிக்கும்போது உங்களுக்குப் பார்க்கிற ஆசை போயிருக்கும்.

நூதனசாலை என்றதும் மாடி மண்டபம் எதையும் நினைத்துவிடாதீர்கள். கல்முனைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. சூறாவளி ஊரின் பாதிக் கூரைகளைக் கொண்டுபோன மறு வருடம், மிஞ்சின பழைய சாமான்களையாவது ஓரிடத்தில் வைப்போம் என்று சபைத் தவிசாளருக்கு ஓர் எண்ணம் வந்தது. வாசிகசாலைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. கண்ணாடி அலுமாரிகள் மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து வந்தன. பனிஸ் வாசம் கடைசிவரை போகவில்லை. யாரோ ஒருவருடைய பாட்டன் காலத்துப் பித்தளைத் தட்டைச் சுற்றி எறும்பு ஊர்வலம் போகும். நான் அப்போது சபையில் கிளாக்கர். நூதனசாலைச் செயலாளர் என்ற பட்டத்தையும் சம்பளமில்லாமல் என் தலையில் கட்டினார்கள்.

சாமான் சேர்க்கவேண்டும் என்று சபை முத்திரை குத்தி ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்பினேன். ஒரு அகப்பைகூட வரவில்லை. வரி போடத்தான் கேட்கிறார்கள் என்று சனங்கள் இருந்ததையும் ஒளித்துவிட்டார்கள். பிறகு காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மாதம் முடிவதற்குள் அலுமாரி கொள்ளவில்லை. வெற்றிலை வைக்கிற வட்டா, அதை மென்று துப்புகிற படிக்கம், நெல் அளக்கிற மரைக்கால், தட்டிப் பாடுகிற றபான், ஒருவராலும் அசைக்க ஏலாத ஓர் உரல். காரைதீவிலிருந்து ஒரு வாத்தியார் தன் வீட்டில் சோறாக்குகிற பெரிய செம்புக் கிடாரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அந்தக் கிடாரத்துக்குள் ஒரு ஆள் சம்மணம் கட்டி உட்காரலாம்.

"என்ன மந்திரம் போட்டீங்க காக்கா?" என்று கேட்டேன்.

"மந்திரம் என்ன தம்பி. நீங்க தாங்க எண்டு கேட்டீங்க. நான் வச்சிரிக்கத் தாங்க எண்டு கேட்டன். இது அமானிதம். உடையவங்க கேக்கிற நேரம் இல்லெண்டு செல்லப்படாது, அவ்வளவுதான்."

நல்ல கதைதான் என்று நான் சிரித்தேன். அந்தக் கதையின் விலை எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் கண்காட்சியில் பின்னேரத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தோம். ஆண்கள் ஒருவரும் உள்ளே நிற்கக்கூடாது. காக்காவும் வாசலுக்கு வெளியே, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி வாங்கில் குந்தினார். அங்கிருந்தே தெருவைப் பார்த்துச் சத்தமாக விளக்கம் சொன்னார்.

"வலப்பக்கம் முதல் அலுமாரி. அதில இரிக்கிறது படிக்கம். அந்தக் காலத்து மாப்பிள்ளைமார் இதிலதான் துப்பினது."

உள்ளே பெண்கள் அலுமாரியைத் திறந்து சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் படிக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே றபானைத் தட்டி ஒருத்தி பாட, மற்றவர்கள் குரவை விட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் போன பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, இங்கே யாருக்குக் கலியாணம் என்று காக்காவிடம் கேட்டார். மாலையில் நான் போய்ப் பார்த்தபோது பித்தளை எல்லாம் புளி போட்டு மினுக்கப்பட்டுப் புத்தம் புதிதாகக் கிடந்தது. பழைய நிறத்தை எடுக்கவே கூடாது என்று விஷயம் தெரிந்தவர்கள் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"பொண்டுகள் வந்து கழுவி வச்சிட்டுப் போயிரிக்காங்க. நன்றி செல்லுங்க தம்பி" என்றார் காக்கா.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தால் எங்கள் பக்கம் கலியாணக் காலம். அந்த வருடம் பெருநாள் கழித்து ஒரு காலையில் நான் அறைக்குப் போனேன். நடு அலுமாரி வெறுமையாகக் கிடந்தது. கள்ளன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், வட்டா இருந்த இடத்தில் காக்காவின் கோணல் எழுத்தில் ஒரு மட்டை. 'கலியாணத்துக்குப் போயிருக்கு. வந்திரும்.'

அதன்பிறகு நான் கத்தினது கொஞ்சமல்ல. உலகத்தில் எந்த நூதனசாலையிலாவது இப்படி உண்டா என்று கேட்டேன். உலகத்தில் எந்த நூதனசாலைக்குச் சனங்கள் இப்படி மனம் வந்து சாமான் கொடுத்தார்கள் என்று அவர் கேட்டார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். வட்டாக்கள் போய் வந்தன. கிடாரம் அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குக் காரைதீவு போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தது. வாத்தியாரின் அனுமதியோடு எங்கள் ஊர்க் கலியாணங்களுக்கும் போனது. அப்போதெல்லாம் காக்காவும் கூடவே போய் அடுப்படியில் கதிரை போட்டுக் குந்திவிடுவார். "இதில சோறு மட்டும்தான். இறைச்சி வச்சீங்கெண்டா அடுப்போட தூக்கிட்டுப் போயிருவன்" என்று சமையல்காரனை வெருட்டுவார். சடங்குக்குப் போகிற கிடாரம் அல்லவா.

இப்படியிருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து அரசாங்கத்துப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் பார்த்து ஓம் என்றால் அறை நிரந்தரம், புது அலுமாரி, காக்காவுக்கு நிரந்தர வேலை. இல்லை என்றால் அறை சபையின் உடைந்த கதிரைகளுக்கு. காக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. "விடிஞ்சா எழும்பிப் போறத்துக்கு எனக்கெண்டு ஒரு இடம் இரிக்கி தம்பி. அதுக்கு அல்லாஹ்வுக்குத்தான் நன்றி செல்லணும்" என்று அடிக்கடி சொல்லுவார். அந்த இடம்தான் இப்போது அந்தரத்தில் நின்றது.

பெரியவர் வருகிற அதே நாளில் ஆசியா ராத்தாவின் மகளுக்குக் கலியாணம். ஊருக்கே அக்காவான ஆசியா ராத்தா விதவை. அலுமாரியில் ஆக அழகான வட்டாவும் படிக்கமும் அவருடையவை. அவர் மட்டும் கேட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். கலியாணம் பெரிது, மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக வருகிறார்கள் என்று, சாமான் கொடுத்த மற்ற வீட்டாரும் தங்கள் தங்கள் சாமான்களை ஆசியா ராத்தாவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். வாத்தியாரும் கிடாரத்தைக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். விதவையின் வீட்டுக் கலியாணம் குறைவில்லாமல் நடக்கவேண்டும் என்று ஊரே நினைத்தது.

முதல் நாள் காலை காக்காவிடம் போய் நின்றேன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் குடுக்காம இரிங்க காக்கா. உங்களைக் கும்பிடாத குறையாக் கேக்கிறன்."

"கலியாணமும் நாளைக்கு ஒரு நாள்தானே தம்பி."

"அறையை மூடிப்போடுவாங்க. பிறகு நீங்க எங்க போவீங்க?"

அவர் துவாயை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். "நான் அந்தப் பொண்டுகள்ற வாசலில நிண்டு வாக்குக் குடுத்தவன் தம்பி. பெரியவருக்கு நான் ஒண்டும் செல்லல்லயே" என்றார்.

நான் ஆசியா ராத்தாவிடமே ஓடினேன். கூட்டுறவுச் சங்கத்தில் புதுத் தட்டு வாங்கித் தருகிறேன், அதில் வெற்றிலை வையுங்கள் என்றேன். ராத்தா கோபிக்கவில்லை. "என்ட உம்மாட கலியாணத்திலயும் இந்த வட்டாதான் தம்பி. எனக்கும் இதுதான். என்ட மகளுக்கு மட்டும் கண்ணாடிக்குள்ளயா?" என்று கேட்டார். பிறகு, "நீங்களும் சாப்பிட வந்திருங்க" என்றார்.

மறுநாள் ஜீப் வந்து நின்றது. பெரியவர் உள்ளே வந்தார். அலுமாரிகள் துடைத்துச் சுத்தமாக, கண்ணாடிக்குள் வெறும் மட்டைகளோடு நின்றன. ஒவ்வொரு மட்டையாக வாசித்துக்கொண்டு போய் மூலையில் உரலுக்கு முன்னால் நின்றார்.

"இது ஏன் போகவில்லை?"

"தூக்க ஏலாது சேர்" என்றார் காக்கா. "வாங்க, மற்றதெல்லாத்தையும் காட்டுறன். கிட்டத்தான்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. பெரியவர் என்ன நினைத்தாரோ, காக்காவுக்குப் பின்னால் நடந்தார். கலியாணப் பந்தலில் காக்கா அவரைச் சாமான் சாமானாகக் கூட்டிக்கொண்டு போனார். "இது படிக்கம் சேர். சூறாவளியில கூரை போன வீட்டில இது மட்டும் மிஞ்சினது" என்று சொல்லும்போதே மாப்பிள்ளையின் மாமா ஒருவர் குனிந்து அதில் சிவப்பாகத் துப்பினார். "பார்த்தீங்களா, இப்படித்தான்" என்றார் காக்கா பெருமையோடு. கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதற்குள் பெண் வீட்டார், ஜீப்பில் வந்தவர் மாப்பிள்ளை பக்கத்து முக்கியப் புள்ளி என்று முடிவுகட்டி, முதல் சகன் சாப்பாட்டில் அவரை உட்காரவைத்துவிட்டார்கள். சுற்றியிருந்தவர்களோடு ஒரே தாலத்தில் கை போட்டு, இறைச்சியைத் தேடித் தேடி நன்றாகவே சாப்பிட்டார். போகும்போது காக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஜீப் போனபின் வெயிலில் இரண்டு பேரும் திரும்பி நடந்தோம்.

"படிக்கத்தப் பார்த்தாரா தம்பி?"

"பார்த்தார் காக்கா."

"வடிவாப் பார்த்தாரா?"

"வடிவாப் பார்த்தார்."

காட்சிக்கு வைக்கப் பொருள் இல்லாத இடத்துக்கு உதவி அவசியமில்லை என்று முடிவு வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த இறைச்சிக்காவது அந்த மனுசன் இரண்டு நல்ல வார்த்தை எழுதியிருக்கலாம். காக்காமீதும் ஆத்திரம்தான். ஒரு நாள் பொய் சொல்லியிருந்தால் அந்த அறை இன்றைக்கும் இருந்திருக்கும். அது போனதை நினைத்தால் இப்போதும் மனம் கிடந்து அடிக்கிறது.

காக்கா ஒவ்வொரு வீடாகச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார். உரலுக்கு மட்டும் சபை வண்டி பிடித்துக் கொடுத்தது. கிடாரத்தைக் கடைசியாகக் கொண்டுபோகலாம் என்று தன் வீட்டுக் குசினியில் வைத்திருந்தார். அதற்கிடையில் தமிழ், முஸ்லிம் கலவரம் என்று எங்கள் பகுதிக்குக் கெட்ட காலம் வந்தது. சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போன காரைதீவு வீதியில் இரண்டு பக்கத்துச் சனமும் கால் வைக்கப் பயந்தது. கிடாரம் அங்கேயே நின்றது. காக்கா விடிந்ததும் எழும்பி, அதற்கு முன்னால் ஒரு வாங்கைப் போட்டுக் குந்தி, துடைத்துக்கொண்டிருப்பார். போகிற வருகிற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். வேறு எவராவது அதில் சமைக்கக் கேட்டால் மட்டும் கொடுக்கமாட்டார். கேட்க வேண்டியவர் கேட்டு அனுப்ப வழியில்லாத காலம் அது.

எண்பதுகள் முடிகிற நேரம் காக்கா மவுத்தானார். வீதி கொஞ்சம் திறந்திருந்த ஒரு நாளில் வாத்தியார் துக்கம் கேட்க வந்தார். நன்றாகக் கிழண்டு போயிருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காக்காவின் மனைவி, கணவனை இழந்தவர் மறைவில் இருக்கிற இத்தாவில் இருந்தார். அந்நிய ஆண்களுக்கு முன் வரமுடியாது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பி, வாத்தியார்ர கிடாரம் குசினிக்குள்ள இரிக்கி. கொண்டுபோகச் செல்லுங்க. இறைச்சி பட்டதே இல்லெண்டு கட்டாயம் செல்லணும் எண்டு செல்லிப்போட்டுத்தான் மவுத்தானவர்."

வாத்தியார் குசினி வாசலில் நின்று பார்த்தார். கிடாரம் செக்கச் செவேலென்று மினுங்கிக்கொண்டிருந்தது. சால்வையால் கண்ணைத் துடைத்துவிட்டு, திரைப்பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார்.

"உடையவன் கேட்டாத்தானே தம்பி குடுக்கிறது? அதுதானே அவர்ர சட்டம்? நான் கேக்கல்ல எண்டு சொல்லுங்க."

வெறுங்கையோடு பஸ் ஏறினார். அதற்குப் பிறகும் வீதி திறந்த போதெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார், ஒருநாளும் கேட்கவில்லை.

கிடாரம் இன்னும் அந்தக் குசினியில்தான் இருக்கிறது. காக்காவின் சகோதரி மக்கள் அதை மினுக்கித்தான் வைத்திருக்கிறார்கள், என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் உள்ளே போய், தோளிலிருக்கும் துவாயால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் வருகிறேன்.