பதினோரு செல்விகள்

புது வேலையில் சேர்ந்தவர்களுக்கு மூளை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். எனக்கு அது ஒருநாள் அளவுக்கு மீறிச் செய்துவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கும் கம்பெனி அது. டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்ள என்னை எடுத்திருந்தார்கள். தகுதிகாண் காலம் முடிய நான்கே நாள். வேலை நிரந்தரமா இல்லையா என்பதை மேனேஜர் ராகவன் சார் வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தார். (ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா அதற்குள் பாதிப் பேரிடம் "பொண்ணு பர்மனென்ட் ஆயிட்டா" என்று சொல்லிவிட்டிருந்தார்.)

திங்கட்கிழமை காலை, சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் திரையைத் திறந்தேன். செல்வி, செல்வி, செல்வி என்று பதினோரு வரி. டெஸ்பாட்ச் செல்வியோ பிரசவ லீவில் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

எவனோ அவர் பெயரில் உள்ளே புகுந்திருக்கிறான். திருடன். பக்கத்து சீட்டில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பிடித்த பெருமையில் அவருக்கும் பங்கு போய்விடுமே.

பதினோரு இணைப்பையும் துண்டித்தேன். அடுத்த நிமிடமே எட்டு செல்விகள் திரும்ப வந்தார்கள். அவற்றையும் துண்டித்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். (கெட்டிக்காரத் திருடன்தான்.) மூன்றாவது தடவை துண்டித்த கையோடு பாஸ்வேர்டையே மாற்றினேன். திரை துடைத்துவிட்டது போல் ஆனது. நடந்ததன் பதிவையெல்லாம் பிரின்ட் எடுத்துக்கொண்டு ராகவன் சார் அறைக்கு நடந்தேன்.

அங்கே ஏற்கெனவே ஆறு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் ஸ்டோர்ஸ் பலராமன், கள்ளிக்குப்பத்துக்காரர்.

"சார், செல்வி பாஸ்வேர்ட மாத்திக்கினு பூட்ச்சி போல கீது. லாரி கேட்டாண்ட நிக்குது. சலான் போட முடியல."

"எனக்கும் போயிடுச்சுப்பா. நானும் அதுலதான் இருந்தேன்" என்றார் ராகவன் சார்.

விஷயம் இதுதான். ஆளுக்கொரு லாகின் கேட்ட விண்ணப்பம் பல வருடங்களாகத் தலைமை அலுவலகத்தில் தூங்கியது. அதனால் எல்லோரும் செல்வியாகவே நுழைந்தார்கள். பாஸ்வேர்டு ஸ்டோர்ஸ் காலண்டரில் எழுதியிருந்தது. டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். அந்தக் கம்பெனியில் தெரியாத ஒரே ஆள், டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்ளும் நான்தான்.

பலராமன் அதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்த செல்விக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"நான் ஏண்ணே மாத்தப் போறேன்? பெட்ல படுத்துக்கிட்டு எனக்கு இதுதான் வேலையா?"

"நான்தான் சார் மாத்தினேன்" என்றேன். அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை, நிரந்தரம், அப்பா எல்லாம் கண்முன்னே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின.

"யாரு அது? அவங்ககிட்ட போனைக் குடுங்க" என்றார் செல்வி.

"மேடம், உங்க பேர்ல பதினோரு பேர்..."

"பன்னெண்டும்மா. கேட் வாட்ச்மேன் மதியம்தான் உள்ள வருவாரு."

அவ்வளவுதான், அழுதுவிட்டேன். (விசும்பல் எல்லாம் இல்லை. வாய்விட்டு, ஸ்பீக்கரில், ஏழு பேர் முன்னால்.)

"சார், அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க" என்றது போன். "எல்லாருக்கும் தனித்தனியா குடுங்கன்னு நாலு வருஷமா கேட்டேன். யார் காதுலயும் விழல. இப்ப விழுந்திருக்கும்."

பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டதும் லாரி கிளம்பியது. தலைமை அலுவலகத்தைக் கேட்காமலே ராகவன் சார் அனுமதி கொடுக்க, மறுநாளே எல்லோருக்கும் தனி லாகின் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதத்தை நீட்டியவர், "இனிமே யாரை வெளிய அனுப்பினாலும் முதல்ல ஒரு போன் பண்ணிக் கேளும்மா" என்றார்.

இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறேன். ஆளுக்கொரு லாகின், ஆனால் அடுத்த சீட்டில் இருப்பவர் பெயர் தெரியாது. பல நாள் அந்தப் பதினோரு செல்விகளை நினைத்து ஏங்கியிருக்கிறேன்.

செல்வி அக்காவின் மகள் யாழினி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு நான் போயே ஆகவேண்டும். வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொல்வார்: "ரெண்டு நாளா வலி வரலைன்னு டாக்டரே கவலைப்பட்டாங்க. இவ போன்ல அழுதா பாருங்க, போனை வெச்சிட்டு சிரிச்சேன் சிரிச்சேன், அப்படியே வலி எடுத்துடுச்சு."

கேக்கில் முதல் துண்டை யாழினி அம்மாவுக்குக்கூடக் கொடுப்பதில்லை. எனக்குத்தான்.