செருப்பைப் பார்த்து டெஸ்க்டாப் போட்டவர்

கம்ப்யூட்டரைத் திறக்காமலே அதற்கு வைத்தியம் சொன்ன ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் எங்கள் ராமநாதபுரம் பெங்குவின் பாய்தான். அவர் பரிசோதித்தது கம்ப்யூட்டரை இல்லை. வாசலில் நாம் கழற்றிவிட்ட செருப்பை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் நாலாவது ஆள் வெளியே போய் மூச்சு விட்டுவிட்டு வரவேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுப்பார். லினக்ஸின் அடையாளம் பெங்குவின் என்பதால் அதைத் தன் கையாலேயே சுவரில் வரைந்திருந்தார். கொக்குக்கும் காக்காய்க்கும் பிறந்த மாதிரி இருக்கும். ஆனாலும் அந்தப் பேர்தான் அவருக்கு நிலைத்தது. சொந்தப் பேர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

"லினக்ஸுங்கறது வீடு சார். கட்டிலை எங்கன போடணும், கண்ணாடியை எங்கன மாட்டணும்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழக்கம் இருக்குல்ல? அதுக்குத்தான் டெஸ்க்டாப்புல, அதான் திரை அமைப்புல, இம்புட்டு வகை. மெஷினைப் பாத்துப் போடக்கூடாது. ஆளைப் பாத்துப் போடணும்."

ஆளைப் பார்ப்பது எப்படி? அங்கேதான் செருப்பு வரும். வலது ஒரு மூலை, இடது ஒரு மூலை என்று உதறிவிட்டு வருகிறவருக்கு க்னோம் என்கிற வகை. "திரையில ஒண்ணுமே இருக்காது. இறைச்சுப்போட எடமே குடுக்கக்கூடாது இவுகளுக்கு." யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று செருப்பைக் கையோடு உள்ளே கொண்டுவருகிறவருக்குக் கேடிஇ. "எல்லாத் திருகாணியும் தன் கையில இருந்தாத்தான் இவுகளுக்குத் தூக்கம் வரும்." ஜோடி சேர்த்து, சுவரோரமாக வைத்துவிட்டு வருகிறவர் அமைதியான ஆள். அவருக்கு எக்ஸ்எஃப்சிஇ.

பாம்பனிலிருந்து அந்தோணி என்று ஒரு படகுக்காரர், காற்று நிலவரம் பார்க்கிற லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீபோர்டு இடுக்கெல்லாம் மீன் செதில். ஆள் வந்தது வெறுங்காலோடு. பாய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு ஆடிப்போய்விட்டார்.

"செருப்பே இல்லாம வந்தா நான் எதைப் பாக்குறது?"

"மணல்ல நடக்குற காலுக்குச் செருப்பு என்னத்துக்கு பாய்?"

பாய் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "காலுக்கே பாரம் வேணாங்கற மனுஷன்" என்று சொல்லி, இருப்பதிலேயே லேசான எல்எக்ஸ்க்யூடியைப் போட்டுக் கொடுத்தார். அந்தோணி அதற்கப்புறம் ஒரு புகாரும் சொன்னதில்லை.

இந்த மகத்தான விஞ்ஞானம் தோற்றது ஒரே ஆளிடம். அடியேன்தான். நான் முதல்நாள் போனபோது ஒரு கால் என் செருப்பு, மறுகால் என் மனைவியுடையது. அடுத்த தடவை வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. மூன்றாம் தடவை, கடையில் இருந்த இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன்.

"ஒங்களுக்கு எதைப் போடுறதுன்னே தெரியலையே சார்" என்று பாய் தலையில் கை வைத்தார்.

க்னோம் போட்டார். ஜன்னலைச் சுருக்கும் பொத்தானைத் தேடித் தேடி ஒரு கட்டுரையே நின்றுபோனது. கேடிஇ போட்டார். என்னத்தையோ அமுக்கினேன், ஜன்னலை நகர்த்தும்போதெல்லாம் அது அலையாட்டம் நெளிய ஆரம்பித்தது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி கடல் மயக்கம் கண்ட முதல் எழுத்தாளன் நான்தான்.

அப்போதுதான் ஒருநாள் பாய் அந்த வார்த்தையைச் சொன்னார். மகள் நஸீமா ஷார்ஜாவில். பிரசவத்துக்கு மனைவியும் அங்கே போயிருந்தார். இவரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"போகத்தான் போறேன் சார். ஆனா ஒரு ஆளைப் பாதியில விட்டுட்டுப் போனா மனசு கேக்காது. ஒங்களுக்கு ஒண்ணு பொருந்தட்டும், அன்னைக்கே ஷட்டரை எறக்கிட்டு பிளேன் ஏறிடுவேன்."

அன்று எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தார். அது எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. ஒரே வாரத்தில் நாலு கட்டுரை அடித்தேன். அடித்து முடித்துவிட்டு நேரே கடைக்குப் போனேன்.

"சரியில்ல பாய். மெனுவுல எலிப் படம் இருக்கு. வீட்டுல அவுக பயப்படுறாங்க."

என்ன செய்ய? எனக்குப் பொருந்திவிட்டால் மனிதர் விமானம் ஏறிவிடுவாரே. டீ வாங்கி வரச் சொல்லி, ஊர்க்கதை பேசி, என் எழுத்தையும் செருப்பையும் ஒரே மூச்சில் திட்ட இந்த ஊரில் வேறு யார் எனக்கு?

சின்னமான் என்று இன்னொரு வகையைப் போட்டார். குறையே இல்லை. "குறை இல்லாததுதான் பாய் குறை, எழுத விஷயமே கிடைக்கலை" என்றேன். மாத்தே போட்டார். பச்சை நிறம் கண்ணை உறுத்துகிறது என்றேன். நிறத்தை மாற்றினார். பச்சையே தேவலை என்றேன். இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன்.

ஒருநாள் காலை வெளிநாட்டு நம்பரிலிருந்து போன்.

"மாமா, நான் நஸீமா பேசுறேன், பாய் மக. பிள்ளை பொறந்து நாப்பது நாள் ஆகப்போகுது. அத்தா இன்னும் போன்லதான் பேரனைப் பாக்குறாக. ஒங்க லேப்டாப்பு இன்னும் சரியாகலையா மாமா?"

பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. என்னைத் திட்டுகிற மாதிரியே இருந்தது.

அன்றைக்குக் கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். அப்புறம் உள்ளே போய், "பாய், பழையபடி அந்த எலியையே போட்டுடுங்க. அதுதான் எனக்குப் பொருந்துது" என்றேன்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார். என் இரண்டு செருப்பும், என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஜோடி சேர்ந்து சுவரோரமாக இருந்தன.

"எம்புட்டு நேரமா வெளிய நின்னீக?"

நான் லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அது ஒங்களுக்குப் பொருந்துனது எனக்கு அன்னைக்கே தெரியும் சார். கட்டுரை நாலும் அந்த டிஸ்க்குலதானே கெடந்துச்சு." லேப்டாப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும் கெளம்ப மனசு வரல. அதான் நீங்க சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டேன்."

அந்த வாரமே கிளம்பிவிட்டார். "பெருநாளைக்கு லீவுல வாரேன். குறை இருந்தா எழுதி வைங்க" என்றார் கடைசியாக.

கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அடுக்குக்குப் பின்னால் பாதிப் பெங்குவின் இன்னும் தெரிகிறது. என் திரையில் 'பாய்க்கு' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. இதுவரை நாற்பத்தொரு குறை எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றுகூட நிஜமில்லை.